பழைய ஏடும் புதிய மருந்தும்

நுழையும்முன்

பழைய நூல்களில் எழுதப்பட்டவை அனைத்தும் உண்மை என்று போற்றுவோர் உளர். அவை காலத்துக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்குவோரும் உளர். இவ்விரு வழிகளுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. படித்ததைச் சோதித்து, நின்றதை ஏற்றுக்கொள்வதே அவ்வழி. அதில் நடந்து, ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவ நூலின் ஒரு குறிப்பிலிருந்து மலேரியாவுக்குப் புதிய மருந்தைக் கண்டறிந்தவர் சீன அறிவியலாளர் தூ யூயூ. அவருடைய ஆய்வு வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொல்லை தரும் பழைய நோய்

மனித இனத்தை நெடுங்காலமாக வாட்டிவரும் நோய்களுள் மலேரியாவும் ஒன்று. 'கெட்ட காற்று' என்னும் பொருள்தரும் இத்தாலியச் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று அக்கால மக்கள் கருதினர். 1880ஆம் ஆண்டு, அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், நோயாளியின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டு, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அனாபிலிஸ் வகைக் கொசுவின் வயிற்றில் அவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டார். காற்றின்மீது சுமத்தப்பட்டிருந்த பழி அதன்பின் நீங்கியது.

நோய்க்கிருமியைச் சுமந்த பெண் கொசு கடிக்கும்போது, பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி மனித உடலுக்குள் நுழைகிறது. முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது; பின்னர்ச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றிலுள்ள ஈமோகுளோபினை உண்டு வளர்கிறது. சிவப்பணுக்கள் கூட்டமாக வெடித்துச் சிதறும்போது நடுக்கமும் கடுங்காய்ச்சலும் தோன்றுகின்றன. இவ்வொட்டுண்ணியின் வகைகளுள் பால்சிபாரம் மிகக் கொடியது. அது மூளையைத் தாக்கினால் நோயாளி நினைவிழந்து இறக்கவும் நேரிடும்.

மருந்தும் அதை வென்ற ஒட்டுண்ணியும்

தென்னமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையே இந்நோய்க்குக் கிடைத்த முதல் வலிமையான மருந்து. 1820ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் பெல்லெத்தியே, கவாந்து ஆகிய இருவரும் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் நம் நீலகிரி மலையிலும் அரசு சின்கோனாத் தோட்டங்களை அமைத்தது. 1934ஆம் ஆண்டு ஜெர்மனியில் குளோரோகுயின் செயற்கை முறையில் உருவாக்கப்பட்டது. விலை மலிவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் இருந்ததால், இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. கொசுவைக் கொல்ல டிடிடி மருந்தும் துணைநின்றது. 1955ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பு மலேரியாவை உலகிலிருந்து ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

அந்நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1950களின் இறுதியில் தென்கிழக்கு ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத பால்சிபாரம் தோன்றியது. ஒரு மருந்து கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகளைக் கொல்லும்போது, தற்செயலான மரபு மாற்றத்தால் அதைத் தாங்கும் திறன்பெற்ற சில மட்டும் தப்பிவிடுகின்றன. போட்டியின்றிப் பெருகும் அவற்றைக் கொசுக்கள் பிறருக்குப் பரப்புகின்றன. இதனையே 'மருந்து எதிர்ப்புத்திறன்' என்பர். மனிதன் ஒரு மருந்தைக் கண்டறிந்தால், ஒட்டுண்ணி அதைக் கடக்கும் வழியைத் தேடிக்கொள்கிறது. எனவே, புதிய மருந்து தேடும் பணிக்கு ஓய்வில்லை.

திட்டம் 523

1960களில் வியட்நாமில் போர் மூண்டிருந்தது. காடுகளில் போரிட்ட வீரர்களுள் பலரை மலேரியா வீழ்த்தியது. வழக்கமான மருந்துகள் அங்குப் பயன்படவில்லை. வட வியட்நாம் சீனாவின் உதவியை நாடியது. அதன் விளைவாக, 1967ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் பெய்ஜிங்கில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அங்குத் தொடங்கிய மறைபொருளான ஆய்வுத் திட்டத்துக்கு, ஐந்தாம் மாதம் 23ஆம் நாளைக் குறிக்கும் வகையில், 'திட்டம் 523' என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 60 ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இதில் பங்கேற்றனர்.

அக்காலத்தில் சீனாவில் பண்பாட்டுப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகங்கள் முடங்கியிருந்தன, அறிஞர்கள் பலர் ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். இத்தகைய சூழலில், 1969ஆம் ஆண்டு சனவரியில், பெய்ஜிங்கிலுள்ள சீன மரபு மருத்துவக் கழகத்தின் ஆய்வுக்குழுத் தலைமை 38 வயதான தூ யூயூவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

தூ யூயூ 1930ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள், சீனாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள நிங்போ நகரில் பிறந்தார். பதினாறாம் வயதில் காசநோய் அவரைத் தாக்கியது. படிப்பை இரண்டாண்டுகள் நிறுத்தும் நிலை ஏற்பட்டது. நோயிலிருந்து மீண்டபோது, மருந்துகளைப் பற்றிக் கற்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டிருந்தது. 1951ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் மருந்தியல் படிப்பில் சேர்ந்தார். தாவரங்களை இனங்காணல், அவற்றிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தல், அவற்றின் அமைப்பை ஆராய்தல் ஆகியவற்றைக் கற்று, 1955ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

பின்னர், மேலை மருத்துவ முறையில் பயின்றவர்களுக்கு மரபு மருத்துவத்தைக் கற்பிப்பதற்காக நடத்தப்பட்ட இரண்டரை ஆண்டுப் பயிற்சியில் சேர்ந்தார். இவ்வாறு இரு கல்வி மரபுகளும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. பழைய நூலின் சொல்லாட்சியையும் ஆய்வகக் குடுவையின் இயல்பையும் ஒருங்கே அறிந்திருந்ததே பின்னாளில் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று.

தெரிந்து தெளிவோம்

சீனத்தின் தொன்மையான பாடல் தொகுப்பாகிய 'கவிதை நூலில்' மான்கள் குரலெழுப்பியபடி காட்டுச்செடியை மேயும் காட்சி ஒன்று உண்டு. மானின் அக்குரலைக் குறிக்கும் ஒலிச்சொல்லே 'யூயூ'. தூ யூயூவின் தந்தை இத்தொகுப்பிலிருந்தே மகளுக்குப் பெயர் தேர்ந்தார். அம்மான்கள் மேயும் செடியின் பெயர் 'ஹாவ்'. தூ யூயூ மருந்து கண்டறிந்த செடியின் பெயர் 'சிங்ஹாவ்'.

ஏடுகளும் எலிகளும்

பொறுப்பேற்ற தூ யூயூ, தென்சீனத் தீவாகிய ஹைனானுக்குச் சென்றார். அது மலேரியா மிகுந்த பகுதி. நோயின் இறுதி நிலையிலிருந்த குழந்தைகளை அவர் அங்கு நேரில் கண்டார். அப்போது அவருடைய மூத்த மகளுக்கு வயது நான்கு, இளையவளுக்கு ஒன்று. பொறியாளரான கணவர் ஊர்ப்புறப் பணிக்கு அனுப்பப்பட்டிருந்தார். எனவே, மூத்த மகளைப் பெய்ஜிங்கில் உள்ள காப்பகத்திலும் இளைய மகளை நிங்போவில் வாழ்ந்த தம் பெற்றோரிடமும் விட்டுச் சென்றார். நெடுநாள் கழித்துத் திரும்பியபோது, குழந்தையால் தாயை அடையாளம் காண இயலவில்லை. அக்குடும்பம் கொடுத்த விலை இது.

தூ யூயூவின் குழுவினர் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினர். நாட்டு மருத்துவர்களிடம் கேட்டறிந்தனர். 2000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினர். அவற்றுள் 640 குறிப்புகளைத் தேர்ந்து ஒரு தொகுப்பாக்கினர். பின்பு ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை வடித்து, மலேரியாவால் பாதிக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர்.

அவற்றுள் சிங்ஹாவ் செடியின் சாறு ஒருமுறை நல்ல பயன் தந்தது. ஒட்டுண்ணிகளின் வளர்ச்சியை 68 விழுக்காடு தடுத்தது. ஆயினும், திரும்பச் செய்த சோதனைகளில் அப்பயன் 12 முதல் 40 விழுக்காடாகக் குறைந்தது. மீண்டும் மீண்டும் செய்தாலும் ஒரே விளைவைத் தருவதே அறிவியலில் ஏற்கப்படும். ஒருமுறை தோன்றி மறுமுறை மறையும் பயன் ஐயத்துக்கே இடமளிக்கும். எனினும், தூ யூயூ செடியை ஒதுக்காமல் செய்முறையை ஐயுற்றார். 'பயன் இருக்கிறது என்று ஏடு கூறுகிறது; ஒருமுறை எலியும் கூறிவிட்டது; எனில், அது எங்கே தொலைகிறது?' என்பதே அவர்முன் நின்ற வினா.

நெருப்பைத் தவிர்த்த ஒரு குறிப்பு

விடை தேடி அவர் மீண்டும் ஏடுகளுக்கே சென்றார். கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்னும் அறிஞர், அவசர காலத்தில் பயன்படும் மருந்துகளைத் தொகுத்து ஒரு கைநூல் எழுதியிருந்தார். அதில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குச் சிங்ஹாவைப் பயன்படுத்தும் முறை இருந்தது. ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைப் பருக வேண்டும் என்பதே அக்குறிப்பின் கருத்து.

மூலிகைகளைக் கொதிக்கவைத்துக் கியாழம் ஆக்குவதே பெருவழக்கு. இக்குறிப்பிலோ ஊறவைத்தலும் பிழிதலும் மட்டுமே உண்டு, காய்ச்சுதல் இல்லை. தூ யூயூவின் கண்களை நிறுத்தியது அந்த இல்லாமைதான். வெப்பம் மருந்துப்பொருளை அழித்துவிடுகிறது போலும் என்று அவர் கருதினார். தண்ணீரும் எரிசாராயமும் கொதிக்க மிகுந்த வெப்பம் தேவை. ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எனவே, ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறெடுக்க முடிவு செய்தார். செடியின் தண்டைவிட இலையிலேயே மருந்து மிகுதி என்பதும் சோதனையில் புலப்பட்டது. கிடைத்த சாற்றிலிருந்து, நச்சுத்தன்மை மிக்க அமிலப் பகுதியை நீக்கி, நடுநிலைப் பகுதியை மட்டும் எடுத்தனர்.

1971ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், 191 என எண்ணிடப்பட்ட அம்மாதிரி எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஒட்டுண்ணிகள் முற்றிலும் மறைந்தன. திரும்பச் செய்தபோதும் அதே விளைவு கிடைத்தது. குரங்குகளிடம் செய்த சோதனையும் முழு வெற்றி தந்தது.

தம் உடலையே முன்வைத்தவர்கள்

மனிதருக்குக் கொடுக்க வேண்டுமாயின் பெருமளவு சாறு தேவை. தொழிற்சாலைகள் இயங்காத காலமாதலால், வீட்டில் தண்ணீர் நிரப்பும் பெரிய தொட்டிகளில் ஈதரை ஊற்றி இலைகளை ஊறவைத்தனர். போதிய காற்றோட்டம் இல்லாத அறைகளில் ஈதர் ஆவியைச் சுவாசித்துக்கொண்டே பணியாற்றினர். உடன் பணியாற்றிய பலர் உடல்நலம் குன்றினர். தூ யூயூவுக்கும் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது.

விலங்குச் சோதனைகளுள் ஒரு சிலவற்றில் நச்சுத்தன்மை குறித்த ஐயம் எழுந்தது. அதை முழுமையாகத் தீர்க்கக் காலம் வேண்டும். மலேரியாவின் பருவமோ காத்திருக்காது. எனவே, 1972ஆம் ஆண்டு சூலையில், தூ யூயூவும் உடன் பணியாற்றிய இருவரும் மருத்துவமனையில் தங்கி, மருத்துவர்களின் கண்காணிப்பில், அச்சாற்றை முதலில் தாமே உட்கொண்டனர். தீங்கு ஏதும் நேரவில்லை. அதன்பின், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஹைனானில் 21 நோயாளிகளுக்கு மருந்து அளிக்கப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, குருதியில் ஒட்டுண்ணிகள் மறைந்தன.

இன்று எந்த மருந்தும், முறையான அனுமதியும் பல கட்டச் சோதனைகளும் இன்றி மனிதருக்கு அளிக்கப்படுவதில்லை. எனவே, இந்நிகழ்வை யாரும் பின்பற்றத்தக்க வழிமுறையாகக் கொள்ளலாகாது. பிறருக்குத் தரவிருக்கும் இடரைத் தாம் முதலில் ஏற்பது என்னும் பொறுப்புணர்வே இதில் நாம் காணத்தக்கது.

படிகமும் அதன் செயலும்

1972 நவம்பரில் அச்சாற்றிலிருந்து நிறமற்ற படிகங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. அதுவே சீனர் 'சிங்ஹாவ்சு' என்றும் உலகோர் 'ஆர்ட்டிமிசினின்' என்றும் வழங்கும் பொருள். 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது. இதற்கு முன்னிருந்த மலேரியா மருந்துகளுள் எதனோடும் அதன் அமைப்பு ஒத்திருக்கவில்லை. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் 'பெராக்சைடு பாலம்' அதன் சிறப்பு. சிவப்பணுவுக்குள் ஈமோகுளோபினை உண்ணும் ஒட்டுண்ணியைச் சுற்றி இரும்பு வெளிப்படுகிறது. அவ்விரும்பு பட்டவுடன் பாலம் முறிகிறது. அப்போது தோன்றும் வினைமிக்க துகள்கள் ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. தான் உண்ட உணவே ஒட்டுண்ணிக்கு எமனாகிறது எனலாம்.

1973ஆம் ஆண்டு, இம்மூலக்கூறின் அமைப்பை உறுதிசெய்யும் முயற்சியில், மேலும் ஆற்றல் மிக்க டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினினைத் தூ யூயூ பெற்றார். அதே ஆண்டு ஹைனானில் ஆர்ட்டிமிசினின் மாத்திரைகள் கொடுக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. காரணத்தைத் தேடியபோது, மாத்திரைகள் எளிதில் கரையாத அளவுக்குக் கடினமாக இறுகியிருந்தமை தெரியவந்தது. அதே மருந்தைக் கூடுகளில் அடைத்துக் கொடுத்தபோது குணம் தெரிந்தது.

பலர் கூடி இழுத்த தேர்

இக்கண்டுபிடிப்பு ஒருவரால் மட்டும் நிறைவுற்றதன்று. யுன்னான், ஷாண்டோங் ஆகிய மாநிலங்களின் ஆய்வாளர்களும் படிகங்களைப் பிரித்தெடுத்தனர்; குவாங்சோவைச் சேர்ந்த மருத்துவர் லி குவோசியாவ் கடுமையான மலேரியா நோயாளிகளிடம் மருந்தின் பயனை நிறுவினார்; பெய்ஜிங், ஷாங்காய் அறிவியலாளர்கள் மூலக்கூறின் அமைப்பை வரைந்தனர். 1977ஆம் ஆண்டு அவ்வமைப்பு கட்டுரையாக வெளிவந்தபோது, தனிமனிதர் பெயர் எதுவும் அதில் இடம்பெறவில்லை; கூட்டு ஆய்வுக்குழு என்றே குறிக்கப்பட்டது. தனிப்பெயர் தேடுவது தகாது என்று கருதப்பட்ட காலம் அது.

இதனால் பிற்காலத்தில் ஒரு வினா எழுந்தது: இக்கண்டுபிடிப்புக்கு உரியவர் யார்? சிங்ஹாவைத் திட்டத்துக்குள் கொண்டுவந்ததும், ஒட்டுண்ணியை முற்றிலும் அழிக்கும் சாற்றை முதலில் எடுத்ததும், அதை முதலில் நோயாளிகளுக்கு அளித்ததும் தூ யூயூவின் குழுவே என்பது ஆவணங்களால் தெளிவாயிற்று. 2011ஆம் ஆண்டு லாஸ்கர் விருதும், 2015ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதியும் அவருக்கு வழங்கப்பட்டன. மறுபாதி, ஒட்டுண்ணிப் புழுக்களால் வரும் நோய்களுக்கு மருந்து கண்ட வில்லியம் கேம்பல், சடோஷி ஓமுரா ஆகியோருக்கு வழங்கப்பட்டது. மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் சீனர் தூ யூயூ. முனைவர் பட்டமோ, வெளிநாட்டு ஆய்வுப் பயிற்சியோ, தம் நாட்டு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் தகுதியோ அவருக்கு இருந்ததில்லை.

தெரிந்து தெளிவோம்

தூ யூயூ ஆராய்ந்த செடியின் அறிவியல் பெயர் ஆர்ட்டிமிசியா அன்னுவா. நம் ஊரில் மாலையிலும் கூந்தலிலும் சேர்க்கும் மணமிக்க மரிக்கொழுந்து இதே பேரினத்தைச் சேர்ந்ததே. எனினும், ஒரே பேரினத்துச் செடிகள் அனைத்துக்கும் ஒரே மருத்துவக் குணம் இருப்பதில்லை. சிங்ஹாவ் என்னும் பெயராலும் வெவ்வேறு செடிகள் குறிக்கப்பட்டன. அவற்றுள் எது மருந்துச்செடி என்று பிரித்தறிந்ததும் தூ யூயூ குழுவினரின் பணிகளுள் ஒன்று.

முடிவுறாத போராட்டம்

ஆர்ட்டிமிசினின் விரைந்து செயல்படும். விரைந்து உடலைவிட்டு நீங்கும். அதனைத் தனியே கொடுத்தால், எஞ்சிய ஒட்டுண்ணிகள் மீண்டும் பெருகக்கூடும், எதிர்ப்புத்திறனும் வளரும். எனவே, உடலில் நெடுநேரம் தங்கும் வேறொரு மருந்துடன் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. இக்கூட்டு மருத்துவமே இன்று பால்சிபாரம் மலேரியாவுக்கு உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் முதன்மைச் சிகிச்சை. 1940களில் ஆண்டுக்கு 3 கோடிப் பேர் மலேரியாவால் தாக்குண்ட சீனா, 2021ஆம் ஆண்டு மலேரியா அற்ற நாடு என்று சான்றளிக்கப்பட்டது.

ஆயினும், உலகில் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கம்போடியாவின் மேற்குப் பகுதியில் ஆர்ட்டிமிசினினையும் ஓரளவு தாங்கும் ஒட்டுண்ணிகள் கண்டறியப்பட்டன. ஆப்பிரிக்காவிலும் அத்தகையவை தோன்றியுள்ளன. அடுத்த மருந்தைத் தேட வேண்டிய கடமை அடுத்த தலைமுறையின் முன் நிற்கிறது.

கே ஹோங்கின் நூல் 1600 ஆண்டுகளாகப் பலராலும் படிக்கப்பட்டது. அதைப் போற்றி வைத்ததால் மட்டும் மருந்து பிறக்கவில்லை. ஒதுக்கித் தள்ளியிருந்தால் மருந்து பிறந்தே இராது. எழுதப்பட்டதைப் போலவே எழுதப்படாததையும் கவனித்துப் படித்து, பின்பு எலியிடமும் குடுவையிடமும் உண்மையைக் கேட்டறிந்தபோதே அது மருந்தாயிற்று. நம்மிடமும் பழைய ஏடுகள் மிகுதியாக உள்ளன. அவற்றுக்கு நாம் செய்யத்தக்க சிறந்த மரியாதை, அவற்றைக் கூர்ந்து படிப்பதும் நேர்மையாகச் சோதிப்பதுமே ஆகும்.

சொற்பொருள்

ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து, அதிலிருந்து உணவு பெற்று வாழும் உயிரி
கியாழம் – மூலிகைகளை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்த மருந்து
எரிசாராயம் – எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால்
பேரினம் – நெருங்கிய ஒற்றுமையுடைய சிற்றினங்களின் தொகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் மழைக்காலத்தில் கொசு பெருகும் இடங்களைக் கண்டறிந்து, அவற்றைக் குறைக்கும் வழிகளைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. உங்கள் இல்லத்துப் பெரியவர்கள் கூறும் கைமருந்துக் குறிப்பு ஒன்றைக் கேட்டெழுதுக. அதன் பயனை அறிவியல் முறையில் நிறுவ வேண்டுமாயின் எவ்வகைச் சோதனைகள் தேவை எனக் குழுவாக விவாதிக்க.

மதிப்பீடு

குறுவினா
1. 'திட்டம் 523' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. மலேரியா என்னும் பெயருக்குரிய பொருள் யாது?

சிறுவினா
1. மருந்து எதிர்ப்புத்திறன் எவ்வாறு தோன்றுகிறது?
2. தூ யூயூ ஈதரைப் பயன்படுத்தியதற்கான காரணத்தை விளக்குக.

நெடுவினா
1. 'பழைய நூலைக் கூர்ந்து படிப்பதும் அதனைச் சோதிப்பதும் ஒன்றற்கொன்று துணையானவை' என்னும் கருத்தைத் தூ யூயூவின் ஆய்வு வாழ்க்கை வழி நிறுவுக.
2. ஒரு கண்டுபிடிப்பில் தனிமனிதர் பங்கும் கூட்டு முயற்சியின் பங்கும் எத்தகையன என்பதைப் பாடப்பகுதி கொண்டு ஆராய்ந்து எழுதுக.